மலையப்பன் கப்பலேறிய கதையை எப்போது போடுவீர்கள்?

திருமண்டலங்களின் சிறுவர் ஊழியத் துறையினருக்கும், மறைமாவட்டங்களின் மறைக்கல்விப் பணிக்குழுக்களுக்கும், பிள்ளைகளுக்கென்று கிறிஸ்தவப் புத்தகம் போடுகிற பதிப்பகத்தாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் பக்கத்து ஓய்வுநாள் பள்ளிகளில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் சின்ன வயதில் நீலக் கண் வேண்டுமென்று ஜெபித்த கதையைச் சொல்லிவிடும். ஆண்டவர் ஏன் பழுப்புக் கண்ணையே விட்டுவைத்தார், அது பிற்பாடு இந்தியாவில் சேலை கட்டி நடமாட எப்படி உதவியது என்பதுவரை சொல்லும். அழகான கதைதான். ஆனால் 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் அந்த அம்மாவின் வாசலுக்கு வந்து சேர்ந்த பிரீனா யார் என்று கேட்டுப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை. தேவதாசியாக்கச் சிறுமிகளை வளர்த்த பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து ஓடி வந்தவள். அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப்போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கையில் சூடு பட்டவள் என்று ஏமி அம்மையாரே எழுதிவைத்திருக்கிறார். சூடு பட்ட பிறகும் மறுபடி ஓடியிருக்கிறாள். அந்தத் துணிச்சலுக்கு நம் புத்தகங்களில் கிடைப்பது ஒரு பத்தி. அயர்லாந்துச் சிறுமியின் கண் நிறத்துக்கு ஒரு முழு அத்தியாயம்.

இந்த மடல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஒரு பத்திதான். நம் சபைகளின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்கு நாவலாகப் போடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நம்மிடம் மிஷனரி வாழ்க்கை வரலாறு குறைவில்லை. புனிதர் வரலாறும் குறைவில்லை. கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே மேசை போட்டு விற்கிற சின்னப் புத்தகங்களில் பாதி அவைதான். பிறந்தார், அழைப்புப் பெற்றார், கப்பலேறினார், பாடுபட்டார், மரித்தார், நாமும் அவரைப்போல் வாழ்வோமாக. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது பக்கத்திலேயே கடைசிப் பக்கம் தெரிந்துவிடுகிறது. கதையாக எழுதியவை என்று கைக்கு வருபவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு: ரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகள், சிங்கக்குகை, சீர்திருத்த காலத்து ஜெர்மனி. அவற்றையும் பிள்ளைகள் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தமிழ் வாசகருக்குச் சரித்திர நாவல் புதுச்சரக்கா? வாரப் பத்திரிகைத் தொடருக்காகத் தபால்காரரை வழியில் மறித்த தலைமுறை நம் வீடுகளிலேயே இருந்தது. அவர்கள் வாசித்ததெல்லாம் ராஜாவும் குதிரையும் சதியாலோசனையும். நம் சபைகளின் சரித்திரத்தில் அந்த மூன்றுமே உண்டு. கூடவே ராஜா இல்லாத ஜனங்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிள்ளைகள் வாசிக்க ஒரு நாவல் எங்கே?

டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியிருந்த தரங்கம்பாடியிலிருந்தே தொடங்குகிறேன். 1706 ஜூலை 9ஆம் தேதி டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்க் ஐயரும் புளுட்சோ ஐயரும் வந்திறங்கினார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. மறுநாள்தான் சீகன்பால்க்குக்கு 24 வயது முடிந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. படத்தில் எப்போதும் தாத்தா மாதிரி இருக்கிறார். அந்த இளைஞர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்? சிரித்திருப்பானா, பயந்திருப்பானா, அந்த வெள்ளைக்காரர் 'ழ' சொல்லத் திணறியதைத் தெருவெல்லாம் நடித்துக் காட்டியிருப்பானா? எனக்கு வேண்டிய புத்தகம் அந்தப் பையனின் புத்தகம். சீகன்பால்க் அதில் வந்து போனால் போதும்.

அப்புறம் அந்த அச்சு இயந்திரம். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். நடுவில் நடந்ததைக் கேளுங்கள். லண்டனிலிருந்து அனுப்பிய இயந்திரம் வந்த கப்பலைப் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கப்பலை மீட்டுக்கொண்டு வரும் வழியில், கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் காய்ச்சலில் செத்துப்போனார். 1712இல் இயந்திரம் கரை சேர்ந்தது, ஓட்ட ஆளில்லை. தேடிப் பார்த்தால் கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை பருமனாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சரி, இங்கேயே சின்ன எழுத்து வார்ப்போம் என்று துணிந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்று சொல்வார்கள். பொறையாறில் காகிதம் செய்யவும் ஆலை வைத்தார்கள். கடல், கொள்ளை, சாவு, உருகிய ஈயம், பாலாடைக்கட்டி! பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாமோ அவனுக்கு 'கர்த்தர் அற்புதமாய் வழிநடத்தினார்' என்ற ஒரு வரியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அந்த எழுத்துகளைக் கோத்தவர்களில், மை தடவியவர்களில், ஈரத்தாளைக் கயிற்றில் உலர்த்தியவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்திருக்கலாம். பெயர் எழுதிவைக்கப்படவில்லை. கதாசிரியர் நுழைய வேண்டிய வாசல் அதுதான். பதிவில் பெயர் இல்லாத ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்து, அவனையோ அவளையோ நடந்த சம்பவங்களுக்குள் நடக்க விடுவது.

பெயர் இருப்பவர்களையே நாம் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப்போனார். கப்பலிலும் தமிழ் பேச, மொழிபெயர்ப்பைத் தொடர ஒரு துணை வேண்டியிருந்தது. டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அப்போது அரண்மனையில் இல்லை, ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தை முற்றுகை போட்டுக்கொண்டு போர்ப் பாசறையில் இருந்தார். சீகன்பால்க் அவரை அங்கேயே போய்ப் பார்த்தார். பிறகு ஹாலே. அங்கே 1716இல் லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் அச்சானது. தரங்கம்பாடிக் கடற்கரையில் வளர்ந்த ஒருவருக்கு முதல் பனிக்காலம் எப்படி இருந்திருக்கும்? சோறு இல்லாத தேசத்தில் என்ன சாப்பிட்டார்? வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தை அவர் எப்படிப் பார்த்தார்? முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஆள் ஒருவர் கண்ட ஐரோப்பா! இதை எழுத நமக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அல்லது, நீங்கள் கேட்கவில்லை.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. 1707 மே மாதம் தரங்கம்பாடியில் அந்த மிஷனில் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். ஞாயிற்றுக்கிழமை சீயோன் கோயிலில் உட்கார்ந்து ஜெபித்த குடும்பங்களே அடிமைகளை வைத்திருந்தன. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும். சீகன்பால்க்கை 1708 கடைசியில் நாலு மாதம் சிறையில் தள்ளியது யார்? தஞ்சாவூர் ராஜா இல்லை, கோயில் அர்ச்சகர் இல்லை. டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸ். அதே வேதத்தை வாசித்த மனுஷன். நம் கதைகளில் வில்லன் எப்போதும் திருநீறு பூசியே வருகிறான். அது கதைக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல. பக்கத்து பெஞ்சில் உட்காரும் நண்பனை அது சந்தேகமாகப் பார்க்க வைக்கும். அதோடு, நடந்தது அப்படியில்லையே! 1712 முதல் 1714 வரை சீகன்பால்க் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் எழுதினார்கள். 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தங்கள் சமயத்தை, வைத்தியத்தை, பழக்கவழக்கத்தை அவர்கள் விளக்குகிறார்கள், எதிர்வாதமும் செய்கிறார்கள். பதிலுக்கு அவரும் தமிழ்த் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, பரப்ப அல்ல என்று ஹாலேயில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்; 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. இப்படி இரண்டு பக்கமும் ஆர்வமும் கோபமும் இருந்த ஊரை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக்குவது சோம்பேறித்தனம்.

யாழ்ப்பாணத்துக் கதையும் இதற்கு ஒத்தாசைக்கு வரும். ஆறுமுக நாவலர், சைவத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர், வாலிபத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். அந்த அறையில் மேசை துடைத்த ஒரு மாணவன் கண்ணால் இதை எழுதிப் பாருங்கள். அதே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் தொடங்கி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்தது. படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கே வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் முன்பின் பார்த்திராத யாரோ ஒரு அமெரிக்கரின் பெயர். விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையைப் பாட்டி எந்தப் பெயரால் கூப்பிட்டிருப்பாள்?

தஞ்சாவூரை விட்டுவிட மனசில்லை. இரண்டு பையன்கள். ஒருவர் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம், குருப்பட்டம் இல்லாமல் சபையில் போதிக்கிற ஓர் உபதேசியாரின் மகன். பன்னிரண்டு வயது வாக்கில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். மற்றவர் 1777இல் பிறந்த சரபோஜி, ராஜா துளஜா தத்தெடுத்த பிள்ளை. துளஜா இறந்ததும் சித்தப்பா அமர்சிங் கையில் அதிகாரம் போனது. வாரிசுப் பையனை அடைத்து வைத்தார்கள். சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி எழுதிப் பையனைக் காப்பாற்றினார்; 1793இல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார், அதே வருஷம் சரபோஜி ராஜா ஆனார். வேதநாயகம் நம் வேதநாயக சாஸ்திரியார் ஆனார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் குருவுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சாவூர்த் தேவாலயத்தில் வைத்தார். கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார். ஒரே குருவிடம் பாடம் கேட்ட இரண்டு பிள்ளைகள், அரண்மனைச் சதி, ராத்திரிக் காவல். நான் சொன்ன ராஜா, குதிரை, சதியாலோசனை மூன்றும் இங்கே தயாராக இருக்கிறது.

சாஸ்திரியாரை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்காதீர்கள். 1820களில் புதிதாக வந்த இளம் மிஷனரிகள், அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தில் சாதி பார்த்து உட்காரக்கூடாது என்று கட்டளை போட்டபோது அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அவர். 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்று ஒரு நூலே எழுதினார். நாம் இன்றும் உருகிப் பாடுகிற பாட்டுகளை எழுதிய அதே கை. பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு மனுஷனிடம் பக்தியும் பிடிவாதமும் ஒன்றாய் இருக்கும் என்பது வீட்டில் தாத்தா பாட்டியோடு வளர்கிற பிள்ளைக்குத் தெரியாத விஷயமா?

சாதியை விட்டுவிட்டு நம் சரித்திரத்தை எழுதவே முடியாது. ராஜநாயக்கன் என்றொருவர், தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகத்தை வாசித்து மனம் மாறி உபதேசியார் ஆனார். சபைகளைக் கட்டியவர் அவர்தான். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், பின்னால் தியோகு பெற்றார்; ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. பறையர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். இந்தக் கதையை ராஜநாயக்கனின் பேரனோ பேத்தியோ கேள்வி கேட்கிற மாதிரி எழுதலாம். 'தாத்தா, உங்களுக்கு ஏன் அங்கி இல்லை?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த அத்தியாயத்துக்கு மனப்பாட வசனம் தேவைப்படாது.

கத்தோலிக்க சகோதரர்களுக்கு வடக்கன்குளத்தை ஞாபகப்படுத்துகிறேன். நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி 1745 மே 14 அன்று அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் சொன்ன வேதாகமத்து யோபுவின் கதைதான் அவரைத் திருப்பியது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம். பிள்ளை என்ற சாதிப் பெயரை எடுத்துவிட்டுத் தேவசகாயம் என்று மட்டும் அறிவித்தார்கள். பட்டம் கிடைத்தபிறகு வருகிற படக்கதைகளில் ரத்தம் நிறைய இருக்கிறது. எனக்கோ அந்த எருமை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்த்த ஒரு சிறுமி வேண்டும். அவள் வீட்டில் ராஜ விசுவாசிகளும் இருப்பார்கள், இரக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். கொலைக்கு மதம் காரணமில்லை, அரசியல் காரணம் என்று சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. அந்த வாதமும் அவள் வீட்டுத் திண்ணையில் கேட்கட்டும். புலியூர்க்குறிச்சியில் பாறையிலிருந்து தண்ணீர் வந்த அற்புதத்தை என்ன செய்வது என்று கேட்டால், ஊர் ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்லவிடுங்கள். கதாசிரியர் நடுவில் வந்து சாட்சி சொல்லவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம்.

அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, சாதி பார்த்துப் பிரித்து ஜனங்கள் நிற்கும் கூடம் இரண்டு, கால்சட்டையின் இரு கால்கள் மாதிரி. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்காமலே பூசை காணலாம். 1910இல் பிரிவுச் சுவரை இடித்தார்கள். இடித்தது தவறென்று வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், முகம் தெரியாது. இதைவிட நல்ல நாவல் தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. இந்தப் புத்தகம் போட்டால் போன் வரும், மொட்டைக் கடிதம் வரும், பணிக்குழு கூட்டத்தில் ஒருவர் எழுந்து 'இதெல்லாம் இப்ப எதுக்கு' என்பார். வரட்டும். எத்தனையோ சபைச் சேகரங்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் எழுதாவிட்டால் அவர்கள் பார்க்காமலா போவார்கள்?

பெண்பிள்ளைகளுக்கு நாகர்கோவில் இருக்கிறது. அங்கிருந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் விடுதிப் பிள்ளைகளுக்குத் தலையணை மேல் ஊசி குத்தி நூல் கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுகிற லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அதை விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1855இல். அதற்கு முன்பே இந்தப் பெண்கள் விரல் வேலையால் விடுதலையை விலைக்கு வாங்கிவிட்டார்கள். மேலாடை அணியும் உரிமை கேட்டு, தோள்சீலைக்காக 1859 வரை நடந்த போராட்டம் இதோடு சேர்ந்த கதை. இதில் மால்ட் அம்மாளைக் கதாநாயகி ஆக்கவேண்டியதில்லை. லேஸ் பின்னிய பெண்தான் நாயகி.

பாளையங்கோட்டையில் 1780ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் குளோரிந்தா, நாங்கள் பாப்பாத்தி அம்மாள் என்று சொல்கிறவர். அவரை வைத்து 1915லேயே எழுத்தாளர் அ. மாதவையா ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதிவிட்டார். கிறிஸ்தவரல்லாத ஒருவர், பெரியவர்களுக்காக எழுதியது. மற்ற 39 பேர்?

எழுதும் முறை பற்றிச் சில விருப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்கள் பிரசங்கத் தமிழில் பேச வேண்டாம். தரங்கம்பாடி மீனவப் பையன் 'ஐயரே, மனந்திரும்புதலின் வழியை எனக்குப் போதியும்' என்று வாயைத் திறந்தால் புத்தகம் அங்கேயே மூடப்படும். அத்தியாய முடிவில் கேள்வி பதில், கோடிட்ட இடம் நிரப்புதல் எதுவும் வேண்டாம். அது பள்ளிக்கூடத்தில் போதுமான அளவு கிடைக்கிறது. சுவார்ட்ஸ், தேவசகாயம் போன்ற நிஜ மனிதர்கள் வாயில் பெரிய பெரிய வசனங்களைக் கற்பனையாகத் திணிக்காதீர்கள். அவர்கள் எழுதியதும் பேசியதும் பதிவில் உண்டு, அளவாக எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது நடந்தது, எது கதைக்காகச் சேர்த்தது, எது ஜனங்கள் வழிவழியாகச் சொல்வது என்று பிள்ளைக்குப் புரியும்படி எழுதிவிடுங்கள். நம் சபைகளில் சாட்சிக்கும் சரித்திரத்துக்கும் நடுவில் கோடு அழிந்துபோய் ரொம்ப நாளாகிறது. பிள்ளைகளாவது அந்தக் கோட்டைப் பார்த்து வளரட்டும். நம்பிக்கை அதனால் குறைந்துவிடாது. கட்டுக்கதை என்று பதினைந்து வயதில் இணையத்தில் தானே கண்டுபிடிக்கிற பிள்ளைதான் கோயிலுக்கு வராமல் போகிறது.

விசுவாசத்தை எடுத்துவிட்டு எழுதச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெபம் இருக்கட்டும்; பதில் வராத ஜெபமும் இருக்கட்டும். ராஜநாயக்கன் கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் அவர் ஊழியத்தை விடவில்லை. ஏன் விடவில்லை? இந்தக் கேள்விக்கு வழக்கமான நம் சிறுவர் புத்தகத்தின் கடைசி வரியில் பதில் இல்லை. நல்ல நாவலாசிரியர் ஒருவர் இருநூறு பக்கத்தில் தேடலாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எழுதுகிறவருக்குப் பணம் கொடுங்கள். 'ஊழியமாகச் செய்யுங்கள், ஆண்டவர் பலன் தருவார்' என்று சொல்லித்தான் நல்ல எழுத்தாளர்கள் பலரை நாம் ஓட்டிவிட்டோம். சபைக் குருமார்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. கிறிஸ்தவர்தான் எழுத வேண்டும் என்றுகூட நான் சொல்லமாட்டேன், மாதவையாவைப் பார்த்த பிறகு. சரித்திரம் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். சென்னை குருகுல் இறையியல் கல்லூரியிலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஹாலே ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளே இருக்கின்றன. ஓவியரைத் தரங்கம்பாடிக்கு ஒரு நடை அனுப்புங்கள். டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது, 1718இல் பிரதிஷ்டை செய்த புது எருசலேம் கோயில் நிற்கிறது, சீகன்பால்க் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1710ஆம் வருஷத்துத் தெருவில் மின்கம்பம் நிற்கிற படத்தையும், மிஷனரியைச் சுற்றி முகமே இல்லாமல் கும்பலாக நிற்கிற 'சுதேசிகள்' படத்தையும் இனி பார்க்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் பத்துப் புத்தகம் கேட்கவில்லை. முதலில் மலையப்பனை எடுங்கள். யாரையும் கோபப்படுத்தாத கதை, கப்பல் இருக்கிறது, ராஜா இருக்கிறார். அது நிலைத்துவிட்டால் லேஸ் பின்னிய பெண். மூன்றாவதாக வடக்கன்குளம், அதற்குள் உங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். முதல் மூன்று அத்தியாயத்தை அச்சுக்கு முன்னால் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் வாசித்துக் காட்டுங்கள். பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம், கடைசி பெஞ்சுக்கும் வாசியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்து எழுத்தாளருக்கு அனுப்பினால் அந்தப் பக்கத்தை அவர் திருத்திக்கொள்வார். எங்கள் சேகரத்தில் வாசித்துக் காட்ட நான் தயார். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் கூட்டம் கூடும்போது முன்பதிவுக்கு ஆள் சேர்த்துத் தருவதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலிச் சீமையிலிருந்து